மூளையைக் காப்பது மூலிகையா, முதல் மணிநேரமா?

சீனாவில் முதியவர்கள் இருக்கும் வீடுகள் பலவற்றில் ஒரு சின்னப் பெட்டியைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பார்கள். உள்ளே மெழுகு பூசி மூடிய ஓர் உருண்டை இருக்கும். மெழுகோட்டை நசுக்கி உடைத்தால், தேன் விட்டுப் பிசைந்து உருட்டி, தங்க ரேக்கு ஒட்டிய மாத்திரை வெளியே வரும். எடை 3 கிராம். பெயர் ஆன்கோங் நியுஹுவாங் வான். வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கக் கை துவண்டு, பேச்சு குழறினால், இந்த உருண்டையை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஸ்பூனால் ஊட்டிவிடுவதே உயிர்காக்கும் முதலுதவி என்று அங்கே ஏராளமானோர் நம்புகிறார்கள்.

அதன் சேர்மானத்தைக் கேட்டால் தமிழருக்கு அது அந்நியமாகத் தெரியாது. கோரோசனை, கஸ்தூரி, முத்து, பச்சைக் கற்பூரம், சாதிலிங்கம், மனோசிலை, மஞ்சள் இனத்துக் கிழங்கு ஒன்று, கசப்பு மூலிகைகள் மூன்று. முன்பு காண்டாமிருகக் கொம்பும் சேர்ந்திருந்தது; 1993-இல் சீன அரசு அதைத் தடைசெய்த பிறகு எருமைக் கொம்பு சேர்க்கிறார்கள். ஆக மொத்தம் 11 சரக்குகள். மூன்று கசப்பு மூலிகைகளை விட்டால், மற்றவை பெரும்பாலும் நம்மூர் நாட்டு மருந்துக் கடை இழுப்பறைகளில் எழுதியிருந்த பெயர்கள்தாம். எனவே இந்த நம்பிக்கையை வெளியே நின்று பழிப்பது என் வேலை அல்ல. அந்த வாசனை எனக்கும் தெரியும். அதைத் தந்த கைகளின் மேல் எனக்கும் மரியாதை உண்டு.

ஆனால் இன்று இந்த நம்பிக்கை வீட்டு அலமாரியோடு நிற்கவில்லை. மருத்துவமனைக்குள் ஊசி மருந்தாகப் போயிருக்கிறது. ஆய்விதழ்களில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளாக விரிந்திருக்கிறது. அதன் வாதத்தைச் சுருக்கமாக, அதன் முழு வலுவோடு சொன்னால் இதுதான்: மூளைக்குள் ரத்தம் கசிந்த பிறகு நரம்பணுக்கள் சாகாமல் காக்கும் ஆற்றல் சீன மூலிகைகளுக்கு உண்டு. ஆய்வகத்தில் அது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஈராயிரம் ஆண்டு அனுபவம் அதற்குத் துணை நிற்கிறது. நவீன மருத்துவத்திடமோ இந்த நோய்க்கு மருந்தே இல்லை. ஆகவே மூலிகையைச் சேர்த்துக் கொடுப்பதால் நட்டம் ஏதும் வராது.

ஆய்வகம், அனுபவம், நவீன மருத்துவத்தின் தோல்வி, நட்டமின்மை என்ற இந்த நான்கு தூண்களில் ஒன்றுகூட நோயாளியின் படுக்கையருகே வந்ததும் நிற்பதில்லை. அதைத்தான் இங்கே ஒவ்வொன்றாகக் காட்ட விரும்புகிறேன்.

முதலில் அந்த நோயைப் பார்ப்போம். பல ஆண்டுகள் கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் மூளையின் ஆழத்திலுள்ள நுண்குழாய்களின் சுவரை நைந்துபோகச் செய்கிறது. ஒருநாள் அதில் ஒன்று வெடிக்கிறது. வெளியேறிய ரத்தம் மூளைத் திசுவைக் கிழித்துக்கொண்டு கட்டியாகத் தேங்குகிறது. மண்டையோடு விரியாது, எனவே கட்டி வளர வளர மூளை நசுங்குகிறது. முதல் சில மணிநேரத்தில், ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு, இந்தக் கட்டி மேலும் பெரிதாகிறது. அடுத்த நாட்களில் இரண்டாவது தாக்குதல் தொடங்குகிறது. சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து வெளிவரும் ஹீமோகுளோபினும் அதன் இரும்பும் சுற்றியுள்ள நரம்பணுக்களை நஞ்சாகத் தாக்குகின்றன. கட்டியைச் சுற்றி வீக்கம் ஏறுகிறது. இந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழ பத்துக்கு நால்வர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். பிழைத்தவர்களில் பலர் எழுந்து நடக்க மாட்டாமல் போகிறார்கள்.

மூலிகை ஆதரவாளர்கள் குறிவைப்பது அந்த இரண்டாவது தாக்குதலை. அதுவே நியாயமான இலக்கு என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அவர்கள் காட்டும் சான்று எங்கிருந்து வருகிறது?

ஆய்வக மேசைக்கு வாருங்கள். இளம் ஆண் வெள்ளெலி ஒன்று. ரத்த அழுத்தமோ நீரிழிவோ இல்லாத திடமான உடம்பு. மயக்க மருந்து கொடுத்து அதன் தலையைச் சட்டகத்தில் அசையாமல் பொருத்துகிறார்கள். மண்டையோட்டில் கடுகளவு துளை. அதன் வழியே மெல்லிய ஊசியை இறக்கி, எலியின் சொந்த ரத்தத்தில் ஓரிரு துளிகளையோ, குழாய்ச் சுவரைக் கரைக்கும் நொதியையோ செலுத்துகிறார்கள். எந்த நிமிடத்தில் கசிவு தொடங்கியது என்பது ஆய்வாளருக்குத் தெரியும். அதற்கு முன்பே கூட மூலிகைச் சாற்றைக் கொடுத்துவைக்க அவரால் முடியும். மூன்று நாள் கழித்து மூளையை வெட்டி, சாயமேற்றி, செத்த அணுக்களை எண்ணுகிறார். ஸ்கட்டெல்லேரியா வேரின் பைக்கலின், சுவான்சியோங் கிழங்கின் லிகஸ்ட்ராசின், ஜின்செங்கின் ஜின்செனோசைடு, ரேவல்சின்னியின் எமோடின், மஞ்சளின் குர்குமின் என்று எதைக் கொடுத்தாலும் வீக்கம் குறைந்தது, அணுச்சாவு குறைந்தது என்று கட்டுரை வருகிறது.

அந்தக் கட்டுரை பொய் என்று நான் சொல்லவில்லை. எலிக்கு அது நடந்திருக்கலாம். ஆனால் நம் நோயாளி அறுபத்தைந்து வயதுக்காரர், இருபதாண்டு ரத்த அழுத்தம், சிறுநீரகம் களைத்துவிட்டது, எப்போது கசிவு தொடங்கியது என்பது யாருக்கும் தெரியாது, மருத்துவமனைக்கு வந்து சேரவே மூன்று மணிநேரம். அவர் மூளையில் தேங்கியிருப்பது ஓரிரு துளி ரத்தம் அல்ல, ஒரு சின்னக் கிண்ணம் ரத்தம். இவருக்கும் அந்த எலிக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை எத்தனை கட்டுரையாலும் நிரப்ப முடியாது. நோயாளிகளிடம் செய்த சோதனையால் மட்டுமே அதைத் தாண்ட முடியும்.

இதை மூலிகைக்கு மட்டும் விதித்த கடுமை என்று நினைக்க வேண்டாம். வேதிமருந்துகளும் இதே பள்ளத்தில்தான் விழுந்தன. பக்கவாதத்துக்கென ஆய்வகங்களில் பார்க்கப்பட்ட சிகிச்சைகளை 2006-இல் ஓர் ஆய்வுக்குழு எண்ணிப் பார்த்தது. மொத்தம் 1,026. அவற்றில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டவை 114. விலங்கில் வென்றவை மனிதரிடம் வரிசையாகத் தோற்றன. என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்தை நினைவுபடுத்துகிறேன். விலங்குச் சோதனைகளில் அதற்கு இருந்த சான்று அன்று மிகச் சிறந்ததாகக் கருதப்பட்டது. 2007-இல் 3,300 நோயாளிகள் பங்கேற்ற சோதனையில் அதனால் பயன் இல்லை என்று தெரிந்தது. மூளை ரத்தக்கசிவு வந்த 600-க்கும் மேற்பட்டவர்களிடம் தனியே சோதித்தபோதும் பயன் இல்லை. மருந்து கைவிடப்பட்டது. ‘எலியின் மூளையில் வேலை செய்கிறதே’ என்று யாரும் அதை விற்கவில்லை. அதே நீதியைத்தான் மூலிகைக்கும் கேட்கிறேன். கூடுதலாக ஒன்றுமில்லை.

அடுத்து, ஈராயிரம் ஆண்டு அனுபவம். இந்த வாதத்தின் முன் பலர் தலைவணங்கி மௌனமாகிவிடுகிறார்கள். நான் மௌனமாக மாட்டேன்; காரணம் எளியது. மூளை ரத்தக்கசிவு என்ற தனி நோயைப் படுக்கையருகே அடையாளம் காண மனிதருக்கு வழி கிடைத்தே ஐம்பது ஆண்டுகள்தாம் ஆகின்றன. பக்கவாதம் இரண்டு வகை: ரத்தக் குழாய் அடைபடுவது ஒன்று, குழாய் வெடித்துக் கசிவது இன்னொன்று. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதே கோணிய வாய், அதே விழுந்த கை. இறந்த பின் மண்டையைத் திறந்து பார்த்தவர்களுக்கு வேறுபாடு தெரிந்திருக்கலாம். உயிரோடிருக்கும் நோயாளியிடம் அதை உறுதியாகப் பிரித்துச் சொன்னது சி.டி. ஸ்கேன். முதல் நோயாளியின் தலையை அது படமெடுத்தது 1971-இல்.

சீன மரபு இந்த நோயை ‘சோங்ஃபெங்’ என்றது. காற்று தாக்கியது என்று பொருள். நம் முன்னோரும் வாதம், பக்கவாதம் என்று காற்றின் பெயரையே வைத்தார்கள். இரண்டு பெருமரபுகளும் வெளியே தெரிந்ததைக் கூர்ந்து கவனித்துப் பெயரிட்டன. அது அறிவுதான். ஆனால் அடைப்பும் கசிவும் அந்த ஒரே பெயருக்குள் கலந்துகிடந்தன. கலந்துகிடந்த இரண்டு நோய்களில் ஒன்றுக்கு மட்டும் ஈராயிரம் ஆண்டு அனுபவம் எப்படிச் சேர்ந்திருக்க முடியும்?

இரண்டையும் பிரிக்காமல் சிகிச்சை தந்தால் என்ன ஆகும் என்பதைச் சீனாவிலேயே நடந்த ஒரு சோதனை காட்டியது. இன்டராக்ட்-4 என்ற அந்தச் சோதனையின் முடிவு 2024-இல் வெளியானது. ஸ்கேன் எடுக்கும் முன்பே, ஆம்புலன்ஸிலேயே, 2,400 பேரில் ஒரு பாதியினருக்கு ரத்த அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு அது நன்மை செய்தது. அடைப்பு உள்ளவர்களுக்குத் தீங்கு செய்தது. ஒட்டுமொத்தக் கணக்கில் லாபமும் நட்டமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. ஒரே மருந்து, ஒரே மணிநேரம், நேரெதிர் விளைவு. ‘காற்றடிக்கு இந்த உருண்டை’ என்று பொதுவாகச் சொல்லும் எந்த மரபு வாக்கும் இந்த உண்மையின் முன் நிற்காது.

அந்த உருண்டைக்கே வருவோம். அதை எழுதிவைத்தவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த வூ ஜூதோங். கடும் காய்ச்சலில் பிதற்றி நினைவு தவறும் நோயாளிக்காக அவர் அதைக் கூட்டினார். ரத்த அழுத்தத்தால் குழாய் வெடித்த மூளை அவர் மனத்தில் இருந்த நோய் அல்ல. பின்வந்தவர்கள் நினைவு தவறும் நோய்க்கெல்லாம் அதை நீட்டினார்கள். 2002-இல் லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பாரில் நடந்த ரயில் விபத்தில் ஹாங்காங் தொலைக்காட்சியின் செய்தியாளர் ஒருவர் தலையில் அடிபட்டு ஆழ்ந்த மயக்கத்தில் கிடந்தார். பின்னர் பெய்ஜிங்கில் சிகிச்சை பெற்று மீண்டார். மீட்டது இந்த உருண்டைதான் என்ற கதை சீனா முழுக்கப் பரவியது. அவருக்கு வந்தது விபத்துக் காயம். இரண்டு நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அவரைக் கவனித்தன. கதை அந்த நீண்ட உழைப்பை மறந்து உருண்டையை மட்டும் நினைவில் வைத்தது. அனுபவம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படித்தான் சேர்கிறது. பிழைத்தவர் கதை சொல்கிறார். இறந்தவர் சொல்ல வருவதில்லை.

சரி, நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். இந்த விவாதம் முழுவதிலும் நான் மிகவும் மதிக்கும் செயல் அதுதான்.

குவாங்சோவில் குவாங்டோங் மாநிலச் சீன மருத்துவ மருத்துவமனை இருக்கிறது. மரபு மருத்துவத்தின் கோட்டைகளில் ஒன்று. அங்குள்ள மருத்துவர்கள், சிட்னியின் ஜார்ஜ் நிறுவனத்தோடு சேர்ந்து, தங்கள் மரபு மருந்தைத் தாங்களே தேர்வு மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். மருந்தின் பெயர் சோங்ஃபெங் சிங்நாவ், அதாவது காற்றடியில் மூளையை எழுப்புவது. சோதனையின் பெயர் செயின். 2021 நவம்பரிலிருந்து 2023 டிசம்பர்வரை, சீனாவின் 26 மருத்துவமனைகளில், மிதமான அல்லது கடுமையான மூளை ரத்தக்கசிவோடு 48 மணிநேரத்துக்குள் வந்த 1,648 பேரைச் சேர்த்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு மருந்துப்போலி என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. விழுங்க முடிந்தவர்களுக்கு வாய்வழியாகவும், முடியாதவர்களுக்கு மூக்குக் குழாய் வழியாகவும் 28 நாள் கொடுத்தார்கள். தொண்ணூறாம் நாள் ஒவ்வொருவரும் எந்த நிலையில் இருக்கிறார் என்று அளந்தார்கள். குறையே இல்லாமல் இருப்பவருக்கு 1, இறந்தவருக்கு 0, நடுவிலுள்ள ஊனங்களுக்கு அவற்றின் சுமைக்கேற்ற மதிப்பு.

2024 இறுதியில் லான்செட் இதழ் முடிவை வெளியிட்டது. மூலிகை கொடுத்தவர்களின் சராசரி 0.44. மருந்துப்போலி கொடுத்தவர்களின் சராசரி 0.44.

இந்த இரண்டு எண்களையும் அவசரப்படாமல் பாருங்கள். கிட்டத்தட்ட எண்ணூறு குடும்பங்கள் 28 நாள் நம்பிக்கையோடு மூலிகை ஊட்டின; இன்னொரு எண்ணூறு குடும்பங்கள் ஊட்டியது வெறும் சாயலை. தொண்ணூறாம் நாள் இரு பக்கத்திலும் எழுந்து உட்கார்ந்தவர், சக்கர நாற்காலியில் இருந்தவர், இறந்தவர் எல்லோரையும் கணக்கிட்டால் வேறுபாடு இல்லை.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களும் எனக்குத் தெரியும். ‘மரபு மருத்துவம் ஆளுக்கு ஆள் நாடி பார்த்து மருந்தை மாற்றும்; எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துச் சோதிப்பது மரபுக்கே விரோதம்’ என்பது முதலாவது. நாடி பார்த்துத் தனித்தனியே கூட்டித் தரும் வைத்தியருக்கு அந்த வாதத்தைச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் கடையில் விற்பது மெழுகு உருண்டை. மருத்துவமனையில் ஏறுவது தொழிற்சாலையில் ஒரே அளவில் அடைத்த ஊசிக்குப்பி. லட்சக்கணக்கானோருக்கு ஒரே பொருளை விற்றுவிட்டு, சோதனை என்றதும் ஆளுக்கு ஆள் வேறு என்று சொல்வது நேர்மையான நிலை ஆகாது. ‘மூலிகையில் பல சத்துகள் உண்டு, அவை பல இலக்குகளைத் தொடும், ஒற்றை மருந்தின் அளவுகோலால் அளக்கக் கூடாது’ என்பது இரண்டாவது. செயின் சோதனை எந்த ஒற்றை இலக்கையும் அளக்கவில்லை. நோயாளி எழுந்து நடந்தாரா, கையால் உண்டாரா, உயிரோடு இருக்கிறாரா என்பதை அளந்தது. ஆயிரம் இலக்குகளைத் தொட்டாலும் கடைசியில் பயன் தெரிய வேண்டிய இடம் அதுதானே?

மூன்றாவது சமாதானம்: ‘ஒரு சோதனை தோற்றால் என்ன, வென்ற சோதனைகள் நூற்றுக்கணக்கில் உண்டு.’ அந்த வெற்றிகளின் தரத்தை அறிய வேண்டும். 1998-இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழு பல நாடுகளில் நடந்த மருத்துவச் சோதனைகளை ஒப்பிட்டது. இங்கிலாந்தில் 75 சதவீதம் சாதகமான முடிவைத் தந்திருந்தன. சீனாவில் 99 சதவீதம். மாணவர்கள் எல்லோரும் தேர்ச்சி பெறும் தேர்வைத் தேர்வு என்று எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார். 2009-இல் சீன ஆய்வாளர்களே இன்னும் நேராக இறங்கினார்கள். குலுக்கல் முறையில் செய்ததாகச் சீன இதழ்களில் வந்த 2,200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளின் ஆசிரியர்களைத் தொலைபேசியில் அழைத்து, நீங்கள் எப்படிக் குலுக்கினீர்கள் என்று கேட்டார்கள். உண்மையிலேயே குலுக்கியவை பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. மற்றவற்றில் யாருக்கு எது என்பதை யாரோ தீர்மானித்திருந்தார்கள். இந்தத் தவறுகளைத் தோண்டி எடுத்து உலகுக்குச் சொன்னவர்களும் சீன மருத்துவர்கள்தாம் என்பதை மறக்கக் கூடாது. நான் மறுப்பது ஒரு கூற்றை மட்டும்தான். ஒரு நாட்டின் அறிவையோ நாணயத்தையோ நான் மறுக்கவில்லை.

இனி மூன்றாவது தூண்: நவீன மருத்துவத்திடம் மட்டும் என்ன இருக்கிறது? கேள்வி நியாயமானது. மண்டையைத் திறந்து கட்டியை எடுப்பது எல்லோருக்கும் பலன் தரும் என்று நம்பினார்கள். 2005-இல் ஆயிரம் பேரைச் சேர்த்து நடந்த சோதனை அப்படி இல்லை என்றது. ரத்தத்தட்டுகள் ஏற்றினால் கசிவு நிற்கும் என்று நினைத்தார்கள். ஆஸ்பிரின் வகை மருந்துகளை எடுத்துவந்தவர்களிடம் 2016-இல் சோதித்தபோது ஏற்றியவர்களின் நிலைதான் மோசமானது. இரும்பை உறிஞ்சும் மருந்தும் எதிர்பார்த்ததைத் தரவில்லை. நரம்பணுவைக் காக்கும் தனி மருந்து இன்றும் எந்த மருத்துவத்திடமும் இல்லை. இதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆனால் இவ்வளவு தோல்விகளும் எழுதிவைக்கப்பட்டன. எழுதிவைத்ததால்தான் எது வேலை செய்கிறது என்பது தெரிந்தது. 2023-இல் இன்டராக்ட்-3 சோதனை வந்தது. பத்து நாடுகள், 7,036 நோயாளிகள். சீனாவோடு இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. நடத்தியவர்களில் செயின் சோதனையில் பங்கேற்ற அதே ஜார்ஜ் நிறுவனத்தாரும் இருந்தார்கள். அங்கே புதிய மருந்து எதையும் அவர்கள் கொண்டுவரவில்லை. மேல் ரத்த அழுத்தம் ஒரு மணிநேரத்துக்குள் 140-க்குக் கீழே வர வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். காய்ச்சல் 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவருக்கு அதன் விளைவை உடனே முறிக்க வேண்டும். நான்கையும் ஒன்றாக, வேகமாக, ஒன்றும் விடாமல் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

மோசமான நிலைக்குப் போகும் வாய்ப்பு 14 சதவீதம் குறைந்தது. இறப்பும் குறைந்தது.

ஒரு செவிலியர் சர்க்கரை பார்க்கிறார், வெப்பமானியைப் படிக்கிறார், கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தத்தை மறுபடி மறுபடி எழுதுகிறார். இதில் கவர்ச்சி எதுவும் கிடையாது. தங்க ரேக்கும் கிடையாது. ஆனால் நரம்பணுவை இதுவே காப்பாற்றியிருக்கிறது, அதுவும் எலியிடம் அல்லாமல் மனிதரிடம். மருந்தே இல்லை என்று சொல்லி மூலிகைக்கு வழிவிடுபவர்கள் இந்த உழைப்பைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

கடைசித் தூண்: கொடுப்பதில் நட்டம் என்ன? நான் மிகவும் கவலைப்படுவது இந்தச் சொல்லைக் கேட்டுத்தான். பக்கவாதம் வந்த பலருக்குத் தொண்டைத் தசை வேலை செய்யாது. ஊட்டியது இரைப்பைக்குப் போவதற்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு இருமித் துப்பவும் தெம்பு இருக்காது. கரைத்த மருந்து நுரையீரலில் தேங்கி நிமோனியா ஆகும். மூளை தப்பினாலும் நுரையீரல் கொன்றுவிடும். செயின் சோதனையில் விழுங்க முடியாதவருக்கு மூக்குக் குழாய் போட்டது இதனால்தான். வீட்டில் அன்போடு ஸ்பூன் பிடிக்கும் மகளுக்கு அந்தக் குழாயும் இல்லை, அந்த எச்சரிக்கையும் இல்லை.

சரக்குகளையும் பாருங்கள். பக்கவாதத்துக்குப் பயன்படுத்தும் சீன மருந்துகளில் பல, ‘தேங்கிய ரத்தத்தைக் கலைத்து ஓடவைப்பது’ என்ற கொள்கையில் கூட்டப்பட்டவை. அடைப்புக்கு அந்த எண்ணம் பொருந்தலாம். குழாய் இன்னும் கசிந்துகொண்டிருக்கும் முதல் மணிநேரங்களில், எது அடைப்பு எது கசிவு என்றே தெரியாத வீட்டில், அதைக் கையில் எடுப்பது பெரும் ஆபத்து. சாதிலிங்கம் பாதரசச் சேர்மம். மனோசிலை ஆர்சனிக் சேர்மம். மூலிகை என்றால் தீங்கற்றது என்ற நம்பிக்கைக்கு இவற்றில் இடமே இல்லை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய சீன மூலிகை எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. ஒரு மூலிகைக்குப் பதில் பெயரில் நெருங்கிய இன்னொன்று கலந்ததே காரணம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய நட்டம் நேரம். மெழுகை உடைத்து, கரைத்து, ஊட்டி, கண் திறக்கிறாரா என்று காத்திருக்கும் அந்த ஒரு மணிநேரம்தான் ரத்தக்கட்டி வளரும் மணிநேரம். நவீன மருத்துவம் உருப்படியாக எதையாவது செய்ய முடிகிற மணிநேரமும் அதுதான். அதற்கு விலை இல்லை.

‘அப்படியானால் ஆர்ட்டிமிசினின்?’ என்று கேட்பார்கள். கேட்க வேண்டும். மலேரியாவுக்கு மரபு நூலிலிருந்து மருந்து கண்டு 2015-இல் நோபல் பரிசு பெற்ற தூ யூயூ, என் வாதத்துக்கே வலு சேர்க்கிறார். 1967-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் சேர்ந்த அவர் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட மரபுக் குறிப்புகளைத் திரட்டினார். அவற்றை வணங்கி ஏற்காமல் ஒவ்வொன்றாகச் சோதித்தார். பெரும்பாலானவற்றை ஒதுக்கினார். நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங் எழுதிய ஒரு குறிப்பு, தழையைக் கொதிக்கவைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னது. வெப்பம் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்துக் குறைந்த வெப்பத்தில் ஈதரால் சாற்றைப் பிரித்தார். 1971-இல் 191ஆம் மாதிரி விலங்குகளில் மலேரியாக் கிருமியை முழுமையாக ஒழித்தது. பிறகு தானே விழுங்கிப் பார்த்தார். அதன் பிறகுதான் நோயாளிகளிடம் போனார். அவர் மரபைக் காப்பாற்றியது இப்படித்தான்: தோற்றதை விட்டார், வென்றதை வைத்துக்கொண்டார்.

அவருக்கு முன்னோடி அந்த மரபுக்குள்ளேயே இருந்தார். பக்கவாதத்துக்கு இன்றும் புகழ்பெற்ற பூயாங் ஹுவான்வு கஷாயத்தை எழுதிய வாங் சிங்ரென் அவர். 1797-இல் ஓர் ஊரில் கொள்ளைநோயால் குழந்தைகள் கூட்டங்கூட்டமாக இறந்தார்கள். ஆழமாகப் புதைக்காமல் விட்ட அந்த உடல்களின் அருகே நாள்தோறும் போய், பழைய நூல்களில் வரைந்திருந்த உறுப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். படங்கள் தவறு என்று கண்டார். முன்னோர் எழுதியது என்பதற்காக அந்தப் பிழையை அவர் விட்டுவைக்கவில்லை. 1830-இல் வெளியான தன் நூலுக்கு மருத்துவத்தின் பிழைகளைத் திருத்துவது என்ற பொருளிலேயே பெயர் வைத்தார். அவர் இன்று இருந்தால் 0.44, 0.44 என்ற எண்களைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்க மாட்டார். அவருடைய கஷாயமும் அதே தேர்வை எழுத வேண்டும் என்றே சொல்லியிருப்பார்.

மூலிகைகளின் ஆய்வு நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாளையே ஒரு வேரிலிருந்து, ஆயிரம் நோயாளிகளிடம் குலுக்கிச் சோதித்து, நரம்பணுவைக் காக்கும் மருந்து ஒன்று வந்தால் முதலில் மகிழ்ந்து எழுதுபவன் நான். அதுவரை, சோதனையில் தோற்ற ஒன்றையும், சோதனைக்கே வராத ஒன்றையும் ‘மூளையைக் காக்கும்’ என்று சொல்லி நோயாளியின் வாயில் வைக்கும் உரிமை எந்த மரபுக்கும் இல்லை. சீன மரபுக்கும் இல்லை. கோரோசனையையும் கஸ்தூரியையும் பகிர்ந்துகொண்ட நம் மரபுக்கும் இல்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவருக்கு முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால், வாயில் எதையும் ஊட்டாதீர்கள். ஒரு மிடறு தண்ணீரும் வேண்டாம். மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 108-ஐயும் இலங்கையில் 1990-ஐயும் அழையுங்கள். ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்ட அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருந்தால் இன்று இரவே அதைக் கையில் எடுத்துக் கொடுங்கள். மூளையின் நுண்குழாய் வெடிக்காமல் காக்கும் மருந்து நம்மிடம் உண்டு. அது அந்தச் சின்ன மாத்திரைதான்.